உழைத்தவள் கூலி உழைத்தவளுக்கே!

சங்கக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பெண்ணுரிமை என்பது வயிறு நிறைந்த சீமாட்டிகளின் பேச்சு. அது வெள்ளைக்காரர் நாட்டில் வசதியான வீடுகளில் பிறந்தது. தோட்டத்து வெயிலில் வேகும் நமக்கு அது எதற்கு? முதலில் கூலி உயரட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதே அந்தப் பேச்சு.

இப்படிச் சொல்பவர் சங்கத்தின் விரோதி அல்லர். லயம் லயமாக நடந்து சந்தா திரட்டியவர். வேலைநிறுத்த காலத்தில் பட்டினி கிடந்தவர். ஆதலால் அவர்மீது நமக்குக் கோபம் இல்லை. ஆயினும் அவர் சொல்வது தவறு. அதுவும் சங்கத்தின் பாதிப் பலத்தைக் கூட்டத்திற்கு வெளியே நிறுத்திவிடும் தவறு. ஆகவே அதற்குப் பதில் சொல்லாமல் விட நம்மால் முடியாது.

பெண்ணுரிமை இயக்கம் எங்கே, எதற்காகப் பிறந்தது? அவர் காட்டும் வெள்ளைக்காரர் நாட்டிலேயே பார்ப்போம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். கூலிக் கேள்வியும் பெண் கேள்வியும் அங்கே இரண்டாக நிற்கின்றனவா, ஒன்றாக நிற்கின்றனவா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

கூலி வாங்கும் கை யாருடையது?

அந்நாளைய அமெரிக்கச் சட்டம் இங்கிலாந்திலிருந்து சென்ற சட்டம். அதன்படி, மணமானதும் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் கணவன்! மனைவி தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. வழக்குத் தொடுக்க முடியாது. பெற்ற பிள்ளையின்மீது உரிமை தகப்பனுக்கே. எல்லாவற்றிற்கும் மேலாக, அவள் உழைத்துச் சம்பாதித்த கூலியும் கணவனுக்கே சொந்தம். மணமாகாத சிறு பெண்ணாயின் அவள் கூலி தகப்பனுக்குச் சொந்தம்.

கணவன் நல்லவனாக இருந்தால் குடும்பம் பிழைத்தது. குடிகாரனாக இருந்தால்? அவள் இரவெல்லாம் தைத்துச் சேர்த்த காசை அவன் முதலாளியிடம் நேரே சென்று வாங்கலாம். வாங்கிச் சாராயக்கடையில் கொட்டலாம். சட்டம் அவன் பக்கம். பிள்ளைகள் பட்டினி கிடந்தாலும் அவள் கேட்க முடியாது. இது கூலிக் கேள்வியா, பெண் கேள்வியா? பிரித்துக் காட்ட வல்லவர் காட்டட்டும்!

லோவெல் ஆலையின் மணி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெர்ரிமாக் ஆற்றங்கரையில் லோவெல் என்னும் நகரம். 1820-களில் அங்கே நெசவாலைகள் எழுந்தன. ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக் குடியானவர் வீட்டுப் பெண்கள். ஆலை முதலாளிகளின் விடுதியில் படுக்கை. ஆலை மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் உண்ண வேண்டும், மணி அடித்தால் உறங்க வேண்டும். நாளொன்றுக்கு 12, 13 மணி நேர வேலை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பழகிய நமக்கு அந்த மணியின் ஓசை புதிதன்று.

1834-இல் முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். பெண்கள் தறிகளை நிறுத்திவிட்டு வீதியில் இறங்கினார்கள். 1836-இல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தினார்கள்; மீண்டும் இறங்கினார்கள், முன்னிலும் பெருந்திரளாக. பெண் என்பவள் அடுப்பங்கரைக்குரியவள், கூட்டத்தில் வாய் திறப்பதே வெட்கக்கேடு என்று போதிக்கப்பட்ட காலம் அது. அந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இவர்கள்!

அதோடு நின்றார்களா? லோவெல் மாதர் தொழில் சீர்திருத்தச் சங்கம் என்று ஒரு சங்கம் கண்டார்கள். அதன் தலைவி சாரா பாக்லி, தானும் ஆலையில் உழைத்தவர். "நாளுக்குப் பத்து மணி நேரம்" என்ற கோரிக்கையுடன் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மகஜர்கள் மாநிலச் சட்டசபைக்குச் சென்றன. 1845-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. ஆலைப் பெண்கள் அதன் முன் சென்று சாட்சியம் சொன்னார்கள். எலைசா ஹெமிங்வே என்ற பெண் தன் வேலைக்கூடத்தைப் பற்றிச் சொன்னார்: மாலை வேலையின்போது அந்த ஒரே கூடத்தில் 293 சிறிய விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரியும், அந்தப் புகையில்தான் நூற்றுக்கு மேற்பட்டோர் மூச்சு விட வேண்டும்.

குழு என்ன செய்தது? "இது முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, சட்டசபை தலையிட வேண்டியதில்லை" என்று கை கழுவியது. குழுவின் தலைவர் வில்லியம் ஷூலர், லோவெலின் பிரதிநிதி. அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்க அப்பெண்கள் பிரசாரம் செய்தார்கள். அவர்களுக்கோ ஓட்டு இல்லை. ஓட்டில்லாமலே முனைந்தார்கள், அவர் தோற்றார். ஆயினும் மாசசூசெட்ஸில் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் வர 1874 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டுள்ள தொழிலாளர்களாக அவர்கள் இருந்திருந்தால் அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமா? வாக்குரிமை வெறும் அலங்காரம் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கையுறை தைத்த சிறு பெண்

1848 ஜூலை 19, 20. நியூயார்க் மாநிலத்தில் செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூர். அங்குள்ள ஒரு தேவாலயத்தில் பெண்ணுரிமைக்காகவே ஒரு மாநாடு கூடியது. சுமார் 300 பேர் வந்தனர். லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டான்டன் ஆகியோர் கூட்டிய மாநாடு. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து பத்திரிகை நடத்திய பிரெடெரிக் டக்ளஸும் அங்கே இருந்தார். அன்று ஒரு பிரகடனம் வெளியாயிற்று. பெண்ணுக்குச் சொத்தில்லை, அவள் சம்பாதிக்கும் கூலியும் அவளுடையதன்று என்பது அதன் முறையீடுகளில் ஒன்று. வருவாயுள்ள தொழில்கள் எல்லாம் ஆண்களிடமே, அவளுக்கு விட்ட தொழில்களில் கிடைப்பதோ சொற்பக் கூலி என்பது மற்றொன்று. 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்திட்டவர்களுள் சார்லட் உட்வர்ட் என்றொரு பெண். இருபது வயதுகூட நிரம்பவில்லை. வீட்டில் அமர்ந்து முதலாளிக்காகத் தோல் கையுறை தைப்பது அவர் தொழில். தைத்தது அவர் விரல், கூலியோ அவருடையதன்று. மாநாட்டுச் செய்தியைப் பத்திரிகையில் கண்டு, தோழிகளைத் திரட்டிக்கொண்டு குதிரை வண்டியில் வந்தார். இவரா வயிறு நிறைந்த சீமாட்டி? மாநாட்டைக் கூட்டியவர்கள் வசதியுள்ளவர்கள். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அங்கே எழுந்த கோரிக்கையின் நடுவே நின்றது இந்தக் கையுறைக்காரியின் கூலி.

அன்று வாக்குரிமைத் தீர்மானம் ஒன்றுதான் ஒருமனதாக நிறைவேறவில்லை. "ஓட்டுக் கேட்டால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்" என்று மாநாட்டிலிருந்த பெண்களே அஞ்சினார்கள். டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசினார், தீர்மானம் நிறைவேறியது. பத்திரிகைகள் சிரிக்கத்தான் செய்தன. ஏளனம் தாங்காமல் சிலர் தங்கள் கையெழுத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சங்கத்தில் சேர்ந்துவிட்டுத் துரையின் முகத்தைக் கண்டதும் பெயரை எடுத்துக்கொண்ட சிலரை நாமும் அறிவோம் அல்லவா?

அமெரிக்கா முழுவதும் பால் வேற்றுமையால் ஓட்டு மறுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது 1920-இல். இடையில் 72 ஆண்டுகள்! செனிகா ஃபால்ஸில் கையெழுத்திட்டவர்களில் அன்று உயிரோடிருந்தவர் கையுறை தைத்த அந்தச் சார்லட் ஒருவரே. தொண்ணூறை எட்டிய வயது. நோயுற்றிருந்த அவரால் போய் ஓட்டுப் போட முடியவில்லை. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லின் விலை இதுதான்.

ஐந்தே கையெழுத்து

சட்டம் தானாக மாறவில்லை. எர்னஸ்டின் ரோஸ் என்பவர் போலந்தில் யூத மதகுருவின் மகளாகப் பிறந்து நியூயார்க்கில் குடியேறியவர். மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1836-இல் மகஜருடன் வீடு வீடாகச் சென்றார். மாதக் கணக்கில் அலைந்தும் கிடைத்தவை ஐந்தே கையெழுத்து. வாசலில் நின்ற பெண்களே "எங்களுக்கு இருக்கும் உரிமை போதும்" என்று கதவைச் சாத்தினார்கள். அவர் நிற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1848-இல் சொத்துரிமைச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் கூலி இல்லை! சொத்துள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு வழி பிறந்தது; கூலிக்காரப் பெண்ணுக்குப் பிறக்கவில்லை. சூசன் அந்தோணி முதலியோர் 1850-களில் கொட்டும் பனியில் ஊர் ஊராகச் சென்று மீண்டும் மகஜர் திரட்டினர். 1860-இல்தான் நியூயார்க்கில் மனைவியின் கூலி மனைவிக்கே என்றாயிற்று. பிள்ளைகளின்மீது தாய்க்கும் சம உரிமை என்றாயிற்று.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. "யுத்தம் முடியட்டும்" என்று பெண்கள் தங்கள் மாநாடுகளை நிறுத்தி வைத்தார்கள். 1862-இல் அதே சட்டசபை, பிள்ளைகள்மீது தாய்க்குத் தந்த உரிமையைச் சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டது. சங்கம் உறங்கினால் சட்டமும் கரையும். நாம் கண்ணாரக் கண்ட உண்மையன்றோ இது?

நண்பர்கள் சாத்திய கதவு

எதிரி கதவைச் சாத்துவது இயல்பு. நண்பன் சாத்தினால்?

1840-இல் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு. அமெரிக்காவிலிருந்து சென்ற பிரதிநிதிகளில் பெண்களும் இருந்தார்கள். "பெண்களுக்கு இங்கே இடமில்லை" என்று அவர்களைத் தடுப்புக்குப் பின்னே பார்வையாளராக உட்கார வைத்தார்கள். மனிதனை மனிதன் அடிமை கொள்ளலாகாது என்று முழங்கக் கூடியவர்கள் செய்த காரியம் இது! வில்லியம் லாய்ட் காரிசன் என்ற அடிமை ஒழிப்புத் தலைவரோ, "பெண்கள் அமர முடியாத சபையில் நானும் அமரேன்" என்ற உறுதியோடு அவர்களுடன் பார்வையாளர் பக்கமே அமர்ந்தார். ஆண் தோழர்களுக்கு நாம் காட்டும் முன்மாதிரி அவர்தாம்.

1852-இல் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றில் சூசன் அந்தோணி பேச எழுந்தார். "பெண்கள் கேட்கத்தான் அழைக்கப்பட்டார்கள், பேச அல்ல" என்றார்கள். குடியால் அடிபடுபவள் பெண். குடியைப் பற்றிப் பேச உரிமை ஆணுக்கு! 1853-இல் ஆசிரியர் மாநாட்டில் அவர் எழுந்தபோது, பேச விடலாமா கூடாதா என்று ஆண்கள் அரை மணி நேரம் விவாதித்தார்கள். அந்த மண்டபத்தில் பெண் ஆசிரியர்கள் நிறைந்திருந்தனர். அவர்கள் வாங்கியதோ ஆண் ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதிதான்.

தொழிற்சங்கம் செய்த தவறு

இனித்தான் நமக்கு உறைக்க வேண்டிய பகுதி. நியூயார்க் அச்சகங்களில் ஆண் அச்சுக்கோர்ப்பவர்களுக்குச் சங்கம் இருந்தது; பெண்களுக்கு இடமில்லை. ஆண்கள் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளிகள் குறைந்த கூலிக்குப் பெண்களை அமர்த்தினார்கள். "பெண்கள் நம் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்" என்று ஆண்கள் ஏசினார்கள். சங்கத்தில் சேர்க்காமல் வெளியே நிறுத்தியவர்கள் யார் என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

1868-இல் அகஸ்டா லூயிஸ் என்பவர் தலைமையில் பெண் அச்சுக்கோர்ப்பவர்கள் தனிச்சங்கம் அமைத்தார்கள். 1869-இல் ஆண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இவர்கள் கருங்காலிகளாக மாற மறுத்தார்கள். அவ்வேளையில் சூசன் அந்தோணி ஒரு பிழை செய்தார்: பெண்களுக்குத் தொழில் கற்பிக்கும்படி முதலாளிகளிடமே உதவி கேட்டார். அவர் எவ்வளவு பெரியவராயினும் அது பிழையே என்று நாம் சொல்வோம். வேலைநிறுத்தக்காரன் இடத்தில் போய் நின்று எவரும் உரிமை தேட முடியாது. அதற்காகத் தேசியத் தொழிலாளர் மாநாடு அவருக்கு இடம் மறுத்தது.

ஆனால் கட்டுப்பாடு காத்த அகஸ்டா லூயிஸுக்கும் தோழியருக்கும் என்ன கிடைத்தது? அகில தேச அச்சுத் தொழிலாளர் சங்கம் அவர்களை ஏற்றது. 1870-இல் அகஸ்டாவைக் கடிதச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. மேடையில் மாலை, வேலைத்தலத்தில்? 1871-இல் அவரே முறையிட்டார்: வேலைநிறுத்தம் செய்யும் ஆண்களின் இடத்தில் வேலை செய்ய நாங்கள் மறுத்தோம், ஆனால் சங்கத்தைச் சேர்ந்த மேலாட்களே எங்களுக்கு வேலை தருவதில்லை என்றார். 1878-இல் பெண்களின் சங்கம் கலைந்தது. யாருக்கு லாபம்? ஆணுக்கா? பெண்ணுக்கா? மலிவான கைகளைத் தேடிய முதலாளிக்கே!

ஒருவர் கழுத்தில் ஒருவர் ஏறலாகாது

இயக்கத்தின் கறையையும் சொல்லிவிட வேண்டும். யுத்தத்திற்குப் பின் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை தரும் திருத்தம் வந்தது, பெண்கள் விடப்பட்டார்கள். 1869-இல் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஸ்டான்டன் போன்றோர் ஆத்திரத்தில் கறுப்பின மக்களையும் குடியேறி வந்த ஏழைகளையும் இழிவாகப் பேசினார்கள். அது மன்னிக்கத்தக்கதன்று. தன்னைப் போல் மிதிபடுபவனை மிதித்து எழுவது விடுதலையாகாது.

இந்தச் சண்டையில் மறக்கப்பட்டவள் கறுப்பினப் பெண். அவள் சார்பில் பேசியவர் சோஜர்னர் ட்ரூத். நியூயார்க்கில் அடிமையாகப் பிறந்து, 1826-இல் கைக்குழந்தையுடன் வெளியேறியவர். அலபாமாவுக்கு விற்கப்பட்ட தம் மகனை நீதிமன்றம் சென்று மீட்டவர். 1867-இல் நியூயார்க்கில் அவர் சொன்னது இது: வயலில் கதிர் கட்டினேன், அறுக்கும் ஆணுக்கு ஈடு கொடுத்துக் கட்டினேன், என்னைவிட அதிகம் செய்யாத ஆணுக்கு என்னைப் போல் இரு மடங்கு கூலி. எழுதப் படிக்க அறியாத அந்தத் தாய், கூலிக் கேள்வியையும் பெண் கேள்வியையும் ஒரே முடிச்சில் கட்டிக் காட்டிவிட்டார்.

நம் வாசலில்

இது நமக்கு அந்நியக் கதையா? 1920-களின் இறுதியில் மலாயாவின் வசதியான வட்டாரங்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அரசாங்கம் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றே, கத்தி ஒன்றே, பால் வாளியின் பாரம் ஒன்றே. பத்துக் காசு எதற்காகக் குறைந்தது? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. தோட்டத்து அதிகாரிகள் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். "கூலி முதலில், மானம் பிறகு" என்று அந்த முன்னோர் சொல்லவில்லை.

இன்று சட்டம் முன்னேறியிருக்கிறது. 2001-இல் நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவு திருத்தப்பட்டுப் பால் வேற்றுமைக்கும் தடை வந்தது. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. நல்லதே. ஆனால் 1862-ஐ மறவாதீர்கள்! தாளில் இருப்பது, காப்பதற்கு ஆள் இருக்கும்வரைதான் இருக்கும்.

ஆகவே கிளைகளை நாம் கேட்கிறோம். சமையல் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "பெண்கள் வருவதில்லை" என்று சொல்வது யார் குற்றம்? வந்த பெண்ணைத் தேநீர் ஊற்ற அனுப்பிவிட்டுத் தீர்மானத்தை ஆண்கள் மட்டும் நிறைவேற்றுவது 1840-இன் தடுப்பைத்தானே நினைவூட்டுகிறது? செம்பனையில் மருந்து தெளிக்கும் பெண்ணின் இருமலைப் பற்றி நிர்வாகத்திடம் பேச, அந்த மருந்தைச் சுமந்த பெண்ணைவிடத் தகுந்தவர் யார்? கடல் கடந்து வந்து அதே நிரையில் வேலை செய்யும் அயல்நாட்டுப் பெண்ணை நாம் போட்டிக்காரி என்று பார்க்கிறோமா, தோழி என்று பார்க்கிறோமா?

ஆண் தோழர்களே, இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறோம். மனைவியின் சம்பளத்தைப் பறித்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு, மறுநாள் முதலாளியின் சுரண்டலை எதிர்த்துக் கோஷம் போடுபவன் தொழிலாளர் இயக்கத்திற்கு அவமானம். அமெரிக்கச் சட்டம் 1860-இல் கைவிட்ட அதிகாரத்தை நம் லயத்தில் ஒருவன் இன்னும் செலுத்துவானாயின், சங்கம் அவனைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும்.

தாய்மாரே, தங்கைமாரே! ஐந்து கையெழுத்தோடு தொடங்கியதுதான் அந்த வேலை. உங்கள் கிளையில் ஐந்து பெண்கள் இருந்தால் போதும். அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள், பின்வரிசையில் அமராதீர்கள், எழுந்து பேசுங்கள். பேச விடலாமா என்று அரை மணி நேரம் விவாதிப்பவர் எவரேனும் இருந்தால், அந்த அரை மணி நேரமும் நின்றுகொண்டே இருங்கள்.

உழைத்தவள் கூலி உழைத்தவளுக்கே! உழைத்தவளின் சொல்லும் சபைக்கே!